போஸ்ட்பெய்டிலிருந்து இறங்கியவர்கள்

வாடிக்கையாளருக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கக் கொடுக்கக் கடைக்காரனுக்கு வருமானம் குறைகிற தொழில், செல்போன் ரீசார்ஜ் கடை. மாசம் பிறந்தால் கரண்ட் பில், கேபிள், பால்காரர் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நிமிரும்போது ‘வேலிடிட்டி முடியப் போகிறது’ என்று மெசேஜ் வந்து வயிறெரியும் உங்களுக்கு, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் சுகமாக இருப்பதாகத் தோன்றும். நானும் உங்கள் கட்சிதான். கேளுங்கள்.

என் கடை கச்சிராயபாளையத்தில், மலைக்கு ஏறுகிற பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது. ஒரு கவுன்ட்டர், ஒரு கண்ணாடி அலமாரி, நான். இந்த மூன்றுக்குத்தான் இடம். ஊரில் எல்லாருக்கும் நான் பாய். நிஜப் பெயர் கேட்டால் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி, போஸ்ட்பெய்டு கனெக்‌ஷன் பிடித்துக் கொடுத்தால் நல்ல கமிஷன் என்றது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ‘மொதல்ல பேசுங்க, அப்புறம் கட்டுங்க’ என்று சொல்லிச் சொல்லியே நாற்பது பேர் தலையில் கட்டிவிட்டேன். பில் வர ஆரம்பித்ததும் நாற்பது பேரும் என் கடைக்குத்தான் வந்தார்கள். கம்பெனி எங்கே இருக்கிறதென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? விற்ற மூஞ்சி இதுதானே. எனக்கு வெட்கமாகிவிட்டது. போன வருஷத்திலிருந்து ஒவ்வொருவராக, அதே நம்பரிலேயே, ப்ரீபெய்டுக்கு இறக்கிவிட ஆரம்பித்தேன். பாதிப் பேருக்குப் போன் செலவு பாதியாகக் குறைந்தது.

கம்பெனி சும்மா இருக்குமா? எங்கள் பகுதியின் விற்பனை அதிகாரி பிரபு கள்ளக்குறிச்சியிலிருந்து பைக்கில் வந்து சொல்லிவிட்டுப் போனார்: மாசம் ஐந்து புது போஸ்ட்பெய்டு வர வேண்டும், இல்லாவிட்டால் கைரேகை மிஷினைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். அந்த மிஷினில் ஆள் விரல் வைத்தால்தான் புது சிம்மோ மாற்று சிம்மோ கொடுக்க முடியும். அது போய்விட்டால் கடையில் மிஞ்சுவது போன் மேல் ஒட்டுகிற டெம்பர் கிளாஸும் சார்ஜர் ஒயரும்தான். அதை விற்று வாடகை கட்ட முடியாது. ஒன்பது வருஷக் கடையைச் சாத்த வேண்டியதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நாலாவது நம்பர் யாருக்கு?

வடக்கனந்தலில் மூன்று ஏக்கர் கரும்பு போட்டிருக்கும் ஏழுமலை அண்ணனுக்குக் குடும்பப் பிளான் விற்றது நான்தான். நாலு நம்பர், ஒரே பில். இறக்கிவிடச் சொல்லி வந்தவரிடம், யாருக்கு எவ்வளவு நெட் வேண்டும் என்று கேட்டேன். முதல் நம்பர் அவருடையது. இரண்டாவது வீட்டம்மாவுடையது. மூன்றாவது சென்னையில் வேலை பார்க்கும் மகனுடையது. நாலாவது யாருக்கென்றால், “அது நம்ம மோட்டாருங்க” என்றார்.

கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு சிம்மைப் போட்டு வைத்தால், வீட்டிலிருந்து போன் அடித்தே மோட்டாரை ஓட விடலாம், நிறுத்தலாம். எங்கள் பக்கம் நிறையக் கிணறுகளில் இப்போது அதுதான் நடக்கிறது. ஆனால் அந்த மோட்டாருக்கும் மகனுக்குச் சமமாக மாசாமாசம் நெட் பங்கு போய்க்கொண்டிருந்தது விற்ற எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். கால் வந்தால் போதும், அதற்கு நெட்டே வேண்டாம் என்று சொன்னேன். அண்ணன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

“மூணு வருசமா அதுக்கு நெட்டு குடுத்துக்கினு இருந்துருக்கேன் பாய். ஒரு நாளு ஒரு கொடம் தண்ணி ஜாஸ்தி ஊத்தல.”

மோட்டார் போனை எடுத்த பெண்

மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமையில் நான் ஒன்றை மறந்துபோனேன். ப்ரீபெய்டில் வேலிடிட்டி முடிந்தால் அந்தந்த நம்பருக்குத்தான் மெசேஜ் போகும். மோட்டாருக்குப் போன மெசேஜை மோட்டார் படிக்குமா? ஏழுமலை அண்ணன் தனக்கும் வீட்டம்மாவுக்கும் மட்டும் ரீசார்ஜ் செய்துகொண்டு போய்விட்டார். மோட்டார் நம்பர் சத்தமில்லாமல் செத்துப்போனது. கரும்புக்குத் தண்ணீர் கட்டும் முறை வந்த அன்று காலையில் வீட்டம்மா மோட்டாருக்குப் போன் போட்டிருக்கிறார். எதிர்முனையில் இனிமையான குரலில் ஒரு பெண் பேசியிருக்கிறாள். வணக்கம் என்று ஆரம்பித்ததுமே வீட்டம்மா கட் செய்துவிட்டு, கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த புருஷனை, அந்த நம்பரை யாரிடம் கொடுத்து வைத்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்.

அண்ணன் வாய்கூடக் கொப்பளிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வயலில் கரும்பு சுருளுகிறது, வீட்டில் இது. நான் மோட்டாருக்கு ஒரு வருஷப் பிளானாகப் பார்த்துப் போட்டேன். கரும்பை வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வருகிற மாசத்தில்தான் அதுவும் முடியும். ஒன்றை நினைத்தால் இன்னொன்றும் ஞாபகம் வரும். இப்போது கிணற்று நம்பர்கள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் போடுகிறேன். போட்டு முடித்ததும் அண்ணன் தன் போனில் வீட்டைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். நான் பணிவாக, அது ஆள் இல்லை, கம்பெனி ரெக்கார்டிங், ரீசார்ஜ் முடிந்தால் எல்லா நம்பரிலும் அந்தப் பெண்தான் பேசும் என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு அந்தம்மா சொன்னார்:

“அது எந்தப் பொம்பளையா இருந்தா எனக்கு இன்னா பாய், மொதல்ல மோட்டார போடச் சொல்லு.”

மூன்று பக்கமும் எழுதிய நம்பர்

‘நம்பர் மாறாது’ என்று சொன்னால் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். அநியாய பில்லைக் கட்டிக்கொண்டு பல பேர் போஸ்ட்பெய்டிலேயே கிடப்பது இந்தப் பயத்தில்தான். மினி டெம்போ ஓட்டும் முருகவேல் நைனார்பாளையத்துக்காரர். அவருடைய நம்பர் வண்டியின் மூன்று பக்கமும் எழுதியிருக்கிறது. அது போதாதென்று, சின்னசேலம் வரைக்கும் மதகு, மைல்கல், பாழடைந்த சுவர் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ‘நம்பர் போச்சுனா பொழப்பு போச்சு பாய், பில்லயே கட்டிக்கினு போறேன்’ என்று ஒரு வருஷம் என்னிடம் பிடி கொடுக்காமல் இருந்தார். கடைசியில் டீசல் விலைதான் அவரை என் கடைக்குள் தள்ளியது.

விரல் வைத்து, புது சிம் போட்டு, பழைய பில்லை அடைத்த பிறகு மாறுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை போன் ஊமை. மனுஷன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வேண்டாம், தண்ணி வேண்டாம். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் டவர் கோடு தெரிந்ததும், ‘இப்பப் பாருங்க’ என்று என் போனிலிருந்து அவர் நம்பரை அடித்தேன். மூன்றடி தூரத்தில் மணி அடித்தது. முருகவேல் எழுந்து நின்று, சட்டையைச் சரி செய்துகொண்டு, என் கண்ணைப் பார்த்தபடியே போனைக் காதில் வைத்தார்.

“அலோ, வண்டி ப்ரீயாதாங்க இருக்குது. எங்க வரணும்?”

பில் வராத வியாதி

கரும்பாலையில் எடைமேடை குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர் நடராஜன் சார். அவரை இறக்கிவிட்டு மூன்று மாசம் கழித்து, உடம்பு சரியில்லாதவர் மாதிரி வந்து நின்றார். என்ன சார் என்றால், மூன்று மாசமாக பில் வரவில்லையாம். ப்ரீபெய்டில் முதலிலேயே காசு வாங்கிக்கொள்வதால் பில் கிடையாது என்று மூன்று விதமாகச் சொன்னேன். தலையை ஆட்டினாரே தவிர முகம் தெளியவில்லை. வீட்டில் பழைய பில்களை வரிசையாகக் குத்தி வைத்த கம்பி இருக்கிறதாம். அதில் மூன்று மாச இடம் காலி. மிச்சமான பணத்தைக்கூட எடுத்துச் செலவழிக்காமல், வரப்போகும் பில்லுக்காகத் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறார்.

“என் சர்வீஸ்ல பில்லு குடுக்காம எவனும் சும்மா இருந்ததில்ல பாய். இது எங்கியோ பெருசா வளந்துகினு இருக்குது.”

பிரிக்காத சரக்கு

சின்னப்பொண்ணு அக்கா வாரம் ஒருமுறை மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு பஸ்ஸில் இறங்குவார். அவர் ஊரில் போன் எடுக்க வேண்டுமென்றால் வீட்டுக்கு மேலே ஒரு பாறையில் ஏறி நிற்க வேண்டும். நெட் என்ற பேச்சுக்கே இடமில்லை. கையில் இருப்பதோ பட்டன் போன். அவருக்கும் நான் நெட்டோடு சேர்த்து போஸ்ட்பெய்டு விற்றிருக்கிறேன் என்றால் என் வாயின் நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பில்லில் பெரிய பங்கு நெட்டுக்கு என்று ஒருநாள் உண்மையைச் சொன்னேன். மூட்டையைக் கீழே இறக்கினார்.

“இத்தினி நாளா நீ குடுத்த நெட்ட நான் தொட்டனா?”

“இல்லக்கா.”

“அப்ப அது பிரிக்காத சரக்குதான? எடுத்துக்கினு காசக் குடு.”

கொடுத்த நெட்டைக் கம்பெனி திரும்ப வாங்காது, மாசம் முடிந்தால் அது தானாகப் போய்விடும் என்றேன். எங்கே போகும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். பஸ் புறப்படுகிற வரைக்கும் அக்கா நியாயம் கேட்டார். பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பேச மட்டும் ஒரு ப்ரீபெய்டு பிளானுக்கு அவரை மாற்றிவிட்டுத்தான் தப்பித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் விடவில்லை.

“கடுக்கா மீந்தா நானே சொமந்துகினு மேல போறேன். உன் கம்பெனிக்காரனுக்கு மட்டும் கை வலிக்குதா?”

அன்லிமிடெட்

பக்கத்து டீக்கடை மாஸ்டர் குமாருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளும் பிளான் போட்டுக் கொடுத்தேன். அப்புறமும் அவர் பெண்டாட்டிக்கு மிஸ்டு கால்தான் கொடுக்கிறார். ஒரு ரிங் என்றால் சாப்பாட்டுக்கு வருகிறேன், இரண்டு என்றால் வரவில்லை. பேசினால் காசு போகாது மாஸ்டர், எடுத்துப் பேசுங்கள் என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

“காசு போவாது பாய். நிம்மதி போவுது.”

எங்கள் வீட்டு ஏழு நம்பர்

இத்தனை பேரை இறக்கிவிட்டும் மிஷின் எப்படி இத்தனை நாள் என் கடையில் இருந்தது என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். புதுசாக மூன்று போஸ்ட்பெய்டு விழுந்த மாசத்தில் பாக்கி இரண்டை நானே போட்டு நிரப்பினேன். என் பெயரில், என் மனைவி ஜமீலா பெயரில், அம்மா பெயரில், மச்சான் பெயரில், மச்சான் பெண்டாட்டி பெயரில். என் பெயரிலேயே எடுத்த இன்னும் இரண்டு சிம் மேஜை டிராயரில் கிடந்தன. மொத்தம் ஏழு. ஏழுக்கும் பில் மெசேஜ் என் போனுக்கே வரும்படி வைத்து, பில் கட்டியது நான். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அதற்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் நேரிலேயே பார்க்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்து சோற்றில் கை வைத்தேன். என் போன் வரிசையாக ஏழு தடவை கத்தியது. பில் மெசேஜ். ஜமீலா எடுத்துப் படித்தாள். பொய் சொல்ல வாயில் இடமில்லை, பிரியாணி இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். இவற்றை இறக்கினால் மிஷின் போகும், மிஷின் போனால் கடை போகும் என்றேன். அவள் சத்தம் போடவில்லை. மிஷினால் மாசம் என்ன வருகிறது என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். ஏழு மெசேஜையும் விரலால் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. இத்தனை நாளும் நான் அதைக் கூட்டிப் பார்க்காமல் இருந்தது தெரியாமல் அல்ல, பயத்தில்தான்.

மறுநாள் காலையில் வீட்டார் எல்லாரையும் கடைக்கு வரச் சொல்லி, அந்த மிஷினிலேயே விரல் வைக்கச் சொல்லி, ஏழையும் இறக்கினேன். அந்த மாசம் புது போஸ்ட்பெய்டு ஒன்றுகூட வரப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். மிஷினைத் துடைக்கும்போது கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அதைச் செய்ய வைத்தது ஜமீலா சாப்பாட்டின்போது கேட்டதுதான்.

“அந்த மிசினு நமக்குச் சம்பாரிக்குதா, நாம அதுக்குச் சம்பாரிக்கிறோமாங்க?”

மிஷின் எடுக்க வந்தவர்

மாசக் கடைசியில் பிரபுவின் பைக் கடை வாசலில் நின்றது. நான் மிஷினை அதன் பழைய அட்டைப் பெட்டியில் போட்டு, ஒயரைச் சுற்றி, தயாராகக் கவுன்ட்டர் மேல் வைத்திருந்தேன். கெஞ்சக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். டீ சொன்னேன். அவர் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்துப் படித்தார்.

“இந்த மாசம் புதுசு ஒண்ணும் இல்ல. எறங்கினது பதினெட்டு.”

“ஆமாங்க” என்று பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் பெட்டியைத் தொடவில்லை.

“எறங்கினவங்கள்ல எத்தினி பேரு வேற கம்பெனிக்குப் போனாங்க பாய்?”

“ஒருத்தரும் போவலயே. அதே நம்பரு, அதே கம்பெனி, பிளான்தான மாறிச்சி.”

பிரபு பெருமூச்சு விட்டார். மற்ற ஊர்களில் கடைக்காரர்கள் இறக்கிவிடாமல் இழுத்தடித்ததில், ஜனங்கள் பில் பொறுக்காமல் கும்பல் கும்பலாக வேறு கம்பெனிக்கு ஓடிவிட்டார்களாம். மேலே இருப்பவர்கள் இப்போது டார்கெட்டையே மாற்றிவிட்டார்கள். போன மாசம் வரைக்கும் ‘ஏத்து, ஏத்து’ என்றவர்கள், இந்த மாசம் ‘எவனும் ஓடாமப் பாத்துக்க’ என்கிறார்களாம். அவருடைய பகுதியில் ஒருத்தரும் ஓடாத கடை என் கடை மட்டும்தான். மிஷின் இங்கேயே இருக்கட்டும் என்று பெட்டியை என் பக்கமே தள்ளினார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவருக்கு இன்னொரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் சொன்னேன். உடனே ஜமீலாவுக்குப் போன் செய்ய வேண்டும் போல இருந்தது.

ஆனால் மனுஷன் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது டீயையும் குடித்தார். டேப்லெட்டை மூடினார். வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“டார்கெட்டு கம்மியான மாசத்துக்கெல்லாம் நானே எடுத்துப் போட்டுக்கினதுல எங்க வூட்ல ஒம்போது நம்பரு கெடக்குது பாய். ஆபீசுக்குத் தெரியாம எறக்கி வுடுவீங்களா?”

ஆகமொத்தம், எங்கள் பக்கம் போஸ்ட்பெய்டை வாங்கியவர்களைவிட விற்ற நாங்கள்தான் அதிகமாக பில் கட்டியிருக்கிறோம்.